தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு மதிப்பிடக் கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளைக் கையாளும் ஆசிரியர்களும், வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் பெற்றோரும் மதிப்பிடுதல் பற்றிப் பொதுவாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எல்லா விடைகளுக்கும் அடிப்படையான நிலைப்பாடு ஒன்றுதான்: ஒரு கணக்கைச் செய்யத் தொடங்கும் முன்பே, விடை எந்த அளவில் இருக்கும் என்று குழந்தை யோசித்துப் பார்க்க வேண்டும், அந்த யோசனைக்கு வகுப்பில் நேரமும் மதிப்பும் தரப்பட வேண்டும்.

மதிப்பிடுதல் என்பது குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்வதுதானே? அதைத் தனியாகக் கற்பிக்க வேண்டுமா?

குத்துமதிப்பாகச் சொல்வதற்குக் காரணம் தேவையில்லை. மதிப்பிடுவதற்குக் காரணம் தேவை. ஒரு கண்ணாடிப் புட்டியில் புளியங்கொட்டைகளைப் போட்டு மேசைமீது வைத்து, எத்தனை இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு குழந்தை உடனே "நூறு" என்று சொல்லும். ஏன் நூறு என்று கேட்டால் விழிக்கும். இன்னொரு குழந்தை புட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்து, "ஒரு அடுக்குல பத்து மாதிரி தெரியுது, மேலே ஏழெட்டு அடுக்கு இருக்கும், எழுபது எண்பது இருக்கும் டீச்சர்" என்று சொல்லும். இரண்டாவது குழந்தை செய்தது மதிப்பீடு. எண்ணிப் பார்க்கையில் 96 கொட்டைகள் இருந்து, முதல் குழந்தையின் விடையே நெருக்கமாக அமைந்துவிட்டாலும்கூட, கணக்கு அறிவு வெளிப்பட்டது இரண்டாவது விடையில்தான். இந்த வேறுபாட்டைக் குழந்தைகள் தாமாக உணர்வதில்லை. ஆசிரியர் எடுத்துக்காட்டினால்தான் உணர்வார்கள்.

தொடக்க வகுப்புகளில் மூன்று வகையான மதிப்பீடுகள் தேவைப்படுகின்றன. பொருள்களின் எண்ணிக்கையை மதிப்பிடுவது ஒன்று. நீளம், எடை, கொள்ளளவு, நேரம் ஆகியவற்றை மதிப்பிடுவது இன்னொன்று. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றின் விடையை மதிப்பிடுவது மூன்றாவது. பள்ளிகளில் பெரும்பாலும் மூன்றாவது மட்டுமே நடத்தப்படுகிறது, அதுவும் எண்களை முழுமையாக்கும் (38ஐ 40 என்று எடுத்துக்கொள்ளும்) பயிற்சியாகச் சுருங்கிவிடுகிறது.

அருகிலுள்ள பத்துக்கோ நூறுக்கோ முழுமையாக்கக் கற்பித்துவிட்டால் போதாதா?

போதாது. முழுமையாக்கல் ஒரு கருவி மட்டுமே. எந்த இடத்தில் எந்தக் கருவியை எடுப்பது என்று தீர்மானிப்பதில்தான் மதிப்பிடும் திறன் இருக்கிறது. கையில் 150 ரூபாய் இருக்கிறது, வாங்க வேண்டிய மூன்று பொருள்களின் விலை 38, 47, 62 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கினால் 40, 50, 60 சேர்ந்து 150 ஆகிறது. பணம் போதுமா போதாதா என்பதற்கு இந்த எண் விடை சொல்லவில்லை. பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் மேல்நோக்கி முழுமையாக்கினால் 160 வருகிறது; அதைக்கொண்டும் முடிவுக்கு வர இயலாது. பத்துகளை மட்டும் முதலில் கூட்டினால் 130 வருகிறது. மீதமுள்ள 8, 7, 2 ஆகியவை இருபதைத் தாண்டாது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. ஆகவே மொத்தம் 150க்குள் அடங்கும். இந்த மூன்று வழிகளையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, இந்தக் கேள்விக்கு எது உதவுகிறது என்று குழந்தைகளையே விவாதிக்க விடுவது, முழுமையாக்கலில் இருபது கணக்குகள் போட வைப்பதைக் காட்டிலும் பயன் தரும்.

முழுமையாக்கல் விதியை எந்திரத்தனமாகப் பயன்படுத்தினால் சூழலுக்கு ஒவ்வாத விடைகளும் வரும். 12 பேர் அமரக்கூடிய வேன்களில் 43 குழந்தைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்றால், 43ஐ 40 ஆக்கி, 12ஐப் பத்தாக்கி நான்கு வேன்கள் என்று சொல்லும் குழந்தைக்கு இந்த முறை சரியான விடை கிடைக்கிறது. ஆனால் 49 குழந்தைகள் என்றால் 50ஐப் பத்தால் வகுத்து ஐந்து என்று சொல்வதும் சரியாகிவிடுவதால், தன் வழியில் குறை ஏதும் இல்லை என்று அது நம்பிவிடும். 84 குழந்தைகள் என்று மாற்றிக் கேளுங்கள். அதே வழியில் எட்டு வேன்கள் வரும். உண்மையில் ஏழே போதும்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கையும் தேவை. 445ஐ அருகிலுள்ள நூறுக்கு முழுமையாக்கச் சொன்னால், சில குழந்தைகள் முதலில் 450 ஆக்கி, பிறகு அதை 500 ஆக்கிவிடுவார்கள். எண்கோட்டில் 445ஐக் குறித்து, அது 400க்கு அருகில் இருக்கிறதா 500க்கு அருகில் இருக்கிறதா என்று பார்க்கச் செய்தால் இந்தப் பிழை மறையும்.

எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம்?

முதல் வகுப்பிலிருந்தே தொடங்கலாம், ஆனால் எண்ணைக் கேட்டுத் தொடங்க வேண்டாம். "பத்துக்கு மேலா, கீழா?", "இந்தத் தட்டில் அதிகமா, அந்தத் தட்டில் அதிகமா?" என்ற கேள்விகளே முதல் வகுப்புக்குப் போதும். நான்கு பொருள்கள் வரையில் எண்ணாமலே பார்த்ததும் சொல்ல மனிதர்களால் முடியும். அதற்கு மேற்பட்டால் கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஐந்து ஐந்தாகவோ பத்துப் பத்தாகவோ கண்ணால் பிரித்துப் பார்க்க இரண்டாம் வகுப்பில் பயிற்சி தரலாம். மூன்றாம் வகுப்பில் மூவிலக்க எண்களின் கூட்டல், கழித்தலுக்கு முன் விடையின் அளவைச் சொல்லச் செய்வதும், நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் பெருக்கல், வகுத்தல், பின்னம் ஆகியவற்றுக்கு அதை நீட்டிப்பதும் இயல்பான வரிசையாக இருக்கும்.

எண்கோட்டுக்கும் மதிப்பிடுதலுக்கும் என்ன தொடர்பு?

மிக நெருங்கிய தொடர்பு. 0 என்றும் 100 என்றும் இரு முனைகளில் மட்டும் எழுதப்பட்ட வெறும் கோட்டில் ஓர் எண்ணின் இடத்தைக் குறிக்கச் சொன்னால், சிறு குழந்தைகள் சிறிய எண்களுக்கு நிறைய இடம் கொடுத்துவிட்டுப் பெரிய எண்களையெல்லாம் வலக்கோடியில் நெருக்கி அடுக்குவார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் சீக்லரும் ஜான் ஓப்ஃபரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 0 முதல் 1000 வரையிலான கோட்டில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 150 போன்ற எண்ணை உரிய இடத்திலிருந்து வெகுதூரம் வலப்பக்கம் குறித்தார்கள். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் ஏறத்தாழச் சரியான இடத்தில் குறித்தார்கள். எண்களை 1000 வரை பிழையின்றிச் சொல்லவும் எழுதவும் தெரிந்த குழந்தைக்கு அவற்றின் பருமன் பிடிபடாமல் இருக்கக்கூடும் என்பதை ஆசிரியர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பறையில் இதற்குச் செலவே இல்லை. சுவருக்குச் சுவர் ஒரு கொடிக்கயிறு கட்டி, எண் அட்டைகளைத் துணி கிளிப்பால் மாட்டச் செய்யுங்கள். இரு முனைகளிலும் 0, 100 என்ற அட்டைகள் இருக்கட்டும். ஒரு குழந்தை 50ஐ நடுவில் மாட்டும். அடுத்த குழந்தை 25ஐ மாட்டும். மூன்றாவது குழந்தை 90ஐக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும். அந்த அட்டைகள் அப்படியே இருக்க, வலமுனையில் உள்ள 100ஐக் கழற்றி 1000ஐ மாட்டி, "இப்போது 50 எங்கே போக வேண்டும்?" என்று கேளுங்கள். பெரும்பாலான குழந்தைகள் அட்டையை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்துவார்கள். போதாது என்று இன்னொரு குழந்தை மேலும் நகர்த்தும். 0 அட்டையோடு ஏறத்தாழ ஒட்டிக்கொள்ளும்வரை அந்த வாக்குவாதம் தொடரும். நான் அறிந்தவரை, இடமதிப்பைப் பற்றிய விளக்கம் எதுவும் இதற்கு ஈடாகாது.

விளையாட்டுகள் உதவுமா?

உதவும். சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை ஒரே நேர்வரிசையில் எண் கட்டங்கள் கொண்ட பலகையில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த முன்பருவக் குழந்தைகள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் விளையாடினார்கள். எண்கோட்டில் எண்களின் இடத்தை மதிப்பிடுவதில் அவர்களிடம் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. எண்களுக்குப் பதில் நிறங்கள் இருந்த பலகையில் விளையாடியவர்களிடம் அது காணப்படவில்லை. பரமபதம் நம் வீடுகளில் இருக்கிறது என்றாலும், அதன் பாதை ஒவ்வொரு வரிசையிலும் திசை திரும்புவதால் எண் கூடக்கூடத் தொலைவும் கூடுவது கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே சிறு குழந்தைகளுக்கு நேரான கட்டப் பட்டை ஒன்றைத் தரையில் வரைந்து, காய் நகரும்போது கட்டத்திலுள்ள எண்ணை வாய்விட்டுச் சொல்லச் செய்து தொடங்குவதே நல்லது.

எண்ணிப் பார்த்ததும் குழந்தைகள் தாம் எழுதிய மதிப்பீட்டை அழித்துவிட்டுச் சரியான விடையை எழுதிவிடுகிறார்கள். என்ன செய்வது?

ஏறக்குறைய எல்லா வகுப்புகளிலும் நடப்பது இது. குழந்தையின் நேர்மைக் குறைவாக இதைக் கொள்ளக் கூடாது. பள்ளியில் கணக்குக்கு ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு, மற்றதெல்லாம் தவறு என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. 80 என்று எழுதியது 96 ஆக இருந்தால், தான் தவறு செய்துவிட்டதாகவே அது நினைக்கும். சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுமே என்ற அச்சம் அழிப்பானைத் தேட வைக்கிறது.

இதற்கு மூன்று மாற்றங்கள் உதவுகின்றன. ஒற்றை எண்ணைக் கேட்பதற்குப் பதிலாக, "எத்தனைக்குக் குறையாது, எத்தனைக்கு மிகாது?" என்று எல்லைகளைக் கேளுங்கள். "60க்குக் குறையாது, 120க்கு மிகாது" என்று சொல்லும் குழந்தை தன் விடை தவறாகிவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. அடுத்ததாக, இடையில் திருத்திக்கொள்ளும் உரிமையைக் கொடுங்கள்: புட்டியிலிருந்து 20 கொட்டைகளை எண்ணி வெளியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் பார்த்து முதல் மதிப்பீட்டை மாற்ற விரும்புவோர் மாற்றலாம் என்று சொல்லுங்கள். புதுத் தகவல் வரும்போது மதிப்பீட்டைத் திருத்துவது நல்ல பழக்கம் என்று அப்போது வெளிப்படையாகப் பாராட்டலாம். கடைசியாக, மிக நெருங்கிய எண்ணைச் சொன்னவருக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பல பள்ளிகளில் ஆர்வமூட்டுவதற்காக இது செய்யப்படுகிறது. ஆனால் அது அதிர்ஷ்டத்துக்குக் கைதட்டுவதாகவே முடிகிறது. காரணத்தை விளக்கிய குழந்தையின் வழியைக் கரும்பலகையில் எழுதி, அந்தக் குழந்தையின் பெயரையே அந்த வழிக்குச் சூட்டினால், மறுநாள் பத்துப் பேர் வழி சொல்ல வருவார்கள்.

அப்படியானால் தேர்வில் மதிப்பெண் எப்படி வழங்குவது?

ஏற்கத்தக்க எல்லையை வினாத்தாள் தயாரிக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். 298 + 513 என்ற கணக்கின் உத்தேச விடை 800 என்று ஒரு குழந்தையும், 810 என்று இன்னொன்றும், 750க்கும் 850க்கும் இடையில் என்று மற்றொன்றும் எழுதினால் மூன்றும் சரியே. 811 என்று எழுதிய குழந்தை கூட்டலைச் சரியாகச் செய்திருக்கிறது, ஆனால் கேட்டதைச் செய்யவில்லை. அதற்கு மதிப்பெண்ணைக் குறைப்பதைவிட, கேள்வியை மாற்றுவதே முறை. எண்களைக் கரும்பலகையில் சில விநாடிகள் மட்டும் காட்டி மறைத்துவிட்டு வாய்மொழியாகக் கேட்டால், முழுக்கக் கூட்டிவிட்டுப் பிறகு முழுமையாக்கும் குறுக்குவழிக்கு நேரம் இருக்காது. எழுத்துத் தேர்வைவிட இதற்கு வாய்மொழித் தேர்வே பொருத்தமானது.

கணக்கில் பிழையைக் கண்டுபிடிக்க இது உண்மையில் உதவுமா?

மதிப்பிடுதலின் அன்றாடப் பயன் இதில்தான் இருக்கிறது என்பேன். குழந்தைகளின் நோட்டுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் மூன்று பிழைகளைப் பாருங்கள். 402இலிருந்து 198ஐக் கழிக்கச் சொன்னால் 396 என்று எழுதும் குழந்தை, ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது. 49ஐ 6ஆல் பெருக்கச் சொன்னால் 2454 என்று எழுதும் குழந்தை, 24ஐயும் 54ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறது. 816ஐ 4ஆல் வகுத்து 24 என்று எழுதும் குழந்தை, நடுவில் வர வேண்டிய பூச்சியத்தை விட்டுவிட்டது.

மூன்று குழந்தைகளும் வாய்பாடு அறிந்தவர்கள்; கவனமாகவே செய்தவர்கள். விடையை மீண்டும் சரிபார்க்கச் சொன்னால் அதே வழியில் அதே விடைக்குத்தான் வந்து சேர்வார்கள். ஆனால் தொடங்கும் முன்பே "400இலிருந்து 200 போனால் 200", "ஆறு ஐம்பது 300", "800ஐ நாலாப் பிரிச்சா 200" என்று ஓரத்தில் எழுதியிருந்தால், 396, 2454, 24 ஆகிய விடைகள் பொருந்தவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். கணக்கு நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அந்த ஓரத்தில் உத்தேச விடையை எழுதிய பிறகே கணக்கைத் தொடங்கும் வழக்கத்தை மூன்றாம் வகுப்பிலேயே ஏற்படுத்தலாம். உத்தேச விடையும் கண்டறிந்த விடையும் வெகுவாக வேறுபட்டால் எது தவறு என்று குழந்தையே தேடட்டும். ஆசிரியர் உடனே சொல்லிவிட வேண்டாம்.

பெருக்கலில் மதிப்பீடு வெகுவாக விலகிப் போகிறதே?

35 × 25 என்பதில் இரண்டு எண்களையும் மேல்நோக்கி முழுமையாக்கினால் 40 × 30 = 1200 வருகிறது; உண்மையான விடை 875. ஒன்றைக் கூட்டி, மற்றொன்றைக் குறைத்து 40 × 20 என்று எடுத்தால் 800 கிடைக்கிறது. நான்கு 25 சேர்ந்தால் 100 என்று அறிந்த குழந்தை, 36 × 25 = 900 என்று கண்டு, அதைவிடக் கொஞ்சம் குறையும் என்று சொல்லிவிடும். கூட்டலிலும் இதே கவனம் வேண்டும்: 34 + 54 என்பதில் இரண்டையும் குறைத்து 80 என்று சொன்ன குழந்தையிடம், "விடை 80க்கு மேலா, கீழா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

நான்கு, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கோலம் ஒரு சிறந்த கணக்கு. நடுவரிசையில் 15 புள்ளி வைத்து, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8 வரை வரும் ஊடுபுள்ளிக் கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளிகள் இருக்கும் என்று கேளுங்கள். எல்லா வரிசையிலும் 15 புள்ளிகள் இருந்தால் 225. எல்லாவற்றிலும் 8 இருந்தால் 120. ஆகவே விடை இவ்விரண்டுக்கும் நடுவில். மொத்தம் 15 வரிசைகள். ஒரு வரிசைக்கு நடுத்தரமாக 11 என்று வைத்தால் 165. எண்ணிப் பார்த்தால் 169 வரும்.

நீளம், எடை, நேரம் ஆகியவற்றை எப்படிப் பயிற்றுவிப்பது?

உடம்போடும் அன்றாடப் பொருள்களோடும் ஒப்பிட்டு. ஒவ்வொரு குழந்தையும் தன் சாண் எத்தனை செ.மீ. என்று அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கட்டும்; வளர வளர அந்த எண்ணை மாற்றிக்கொள்ளட்டும். அரை லிட்டர் பால் பாக்கெட்டும், ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டும் கையில் தூக்கிப் பழகிய குழந்தை, பிற பொருள்களை அவற்றோடு ஒப்பிட்டுச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் ஆனதும் கையைத் தூக்கச் சொன்னால், பெரும்பாலான குழந்தைகள் முன்னதாகவே தூக்கிவிடுவார்கள். சில வாரங்களில் அந்த இடைவெளி குறைவதை அவர்களே பார்ப்பார்கள்.

மதிப்பீட்டுக்கு ஒரு நோக்கம் இருப்பது நல்லது. சத்துணவில் தொடக்க வகுப்புக் குழந்தை ஒருவருக்கு 100 கிராம் அரிசி என்பது அளவு. இன்று சாப்பிடுவோர் 62 பேர் என்றால் எத்தனை கிலோ அரிசி உலையில் ஏறும் என்று காலை வருகைப் பதிவின்போதே கேட்கலாம். ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் என்ற விடை அந்தக் குழந்தைகளின் சொந்தத் தட்டைப் பற்றியது.

பின்னத்துக்கும் மதிப்பிடுதல் வேண்டுமா?

அங்கேதான் மிக அதிகமாக வேண்டும். அமெரிக்காவில் 1978இல் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில், 12/13 + 7/8 என்பதன் உத்தேச விடை 1, 2, 19, 21 ஆகியவற்றில் எது என்று 13 வயது மாணவர்களிடம் கேட்கப்பட்டது. 2 என்று சரியாகச் சொன்னவர்கள் 24 விழுக்காட்டினர். 19 என்றவர்கள் 28, 21 என்றவர்கள் 27 விழுக்காட்டினர். தொகுதிகளையோ பகுதிகளையோ கூட்டிவிட்டு நின்றவர்கள் அவர்கள். இரண்டு பின்னங்களும் ஒன்றுக்குச் சற்றே குறைந்தவை என்று பார்த்திருந்தால் கணக்கே போடத் தேவையில்லை. ஒவ்வொரு பின்னமும் பூச்சியத்துக்கு அருகிலா, அரைக்கு அருகிலா, ஒன்றுக்கு அருகிலா என்று கேட்பதை ஐந்தாம் வகுப்பில் வழக்கமாக்க வேண்டும்.

பிள்ளையை அபாகஸ் வகுப்புக்கு அனுப்புகிறோம். அது போதாதா?

அங்கே விரைவாகவும் துல்லியமாகவும் கணக்கிடும் பயிற்சி கிடைக்கிறது. எப்போது துல்லியம் தேவை, எப்போது உத்தேசம் போதும் என்று முடிவெடுப்பது வேறு திறன். அதற்குத் தனியே வாய்ப்பளிக்க வேண்டும்.

ஒரே வகுப்பறையில் பல நிலைக் குழந்தைகள் இருக்கிறார்கள். எப்படி நடத்துவது?

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாகத் தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக உயரும் நிலைகளில் கற்கிறார்கள். மதிப்பிடுதலில் ஒரே பொருளை மூன்று நிலைக்கும் வைக்கலாம் என்பது பெரிய வசதி. அதே புளியங்கொட்டைப் புட்டியைக் காட்டி, அரும்பு நிலைக் குழந்தைகளிடம் "இருபதுக்கு மேல் இருக்குமா?" என்றும், மொட்டு நிலையில் "எத்தனை பத்துகள் இருக்கும்?" என்றும், மலர் நிலையில் "இதுபோல் ஐந்து புட்டிகள் இருந்தால்?" என்றும் கேட்கலாம். எழுதத் தயங்கும் குழந்தைகளும் இதில் பேசுவார்கள்.

வீட்டில் பெற்றோர் என்ன செய்யலாம்?

உழவர் சந்தைக்குப் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். விலைப்பலகையைப் பார்த்து, தக்காளி அரைக் கிலோ, வெங்காயம் ஒரு கிலோ, கீரை இரண்டு கட்டு சேர்த்து எவ்வளவு ஆகும் என்று, வாங்கும் முன்பே கேளுங்கள். தொகையைக் கைப்பேசியில் செலுத்திவிடும் இந்நாளில், பில் போட்ட பிறகுதான் பிள்ளைக்கு எண்ணே தெரிகிறது. அந்த வரிசையை மாற்றினாலே போதும். விடை விலகியிருந்தால் கடிந்துகொள்ளாமல், எந்தப் பொருளின் விலையைக் குறைத்து நினைத்தாய் என்று மட்டும் கேளுங்கள்.

பாடத்தை முடிக்கவே நேரம் இல்லை. இதற்கு எங்கே நேரம்?

தனிப் பாடவேளை தேவையில்லை. கணக்குப் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வி, நாள்தோறும். அதில் குழந்தைகள் எண் சொல்ல இரண்டு நிமிடம், எப்படி யோசித்தார்கள் என்று சொல்ல மூன்று நிமிடம். தொடக்கத்தில் "சும்மாதான் சொன்னேன்" என்ற பதிலே அதிகம் வரும், அப்போது பாடத்துக்குத் திரும்பிவிடாமல், "சரி, ஆயிரம் இருக்குமா? பத்துதான் இருக்குமா?" என்று இரு கோடிகளிலிருந்தும் நெருக்கிக்கொண்டு வாருங்கள். எந்த இடத்தில் குழந்தை "அவ்வளவு இருக்காது" என்று மறுக்கிறதோ, அந்த இடத்தில் ஏன் என்று கேளுங்கள்.